சிறந்த வழியும் பிடித்த வழியும்

வீடியோ கேம்களில் பெரும்பாலானவை ஆடுகிறவர் முன் ஓர் இலக்கை வைக்கின்றன. எதிரியை வீழ்த்த வேண்டும், நகரத்தை வளர்க்க வேண்டும், பணம் சேர்க்க வேண்டும், கடைசிக் கட்டத்தைத் தாண்ட வேண்டும் என்று அது கேமுக்குக் கேம் மாறும். அந்த இலக்கை எட்ட ஆகச் சுருக்கமான, ஆக லாபமான வழி எது என்று கணக்குப் போட்டு அதில் மட்டும் நடப்பது ஒரு வகை ஆட்டம். லாபம் குறைந்தாலும் நேரம் கூடினாலும் தனக்குப் பிடித்த பாத்திரத்தோடு, தனக்குப் பிடித்த மாதிரி ஆடுவது இன்னொரு வகை. முதல் வகைக்கு யூடியூபிலும் விக்கிகளிலும் வழிகாட்டிகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாம் வகையை விவரம் தெரியாதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பலர். அப்படி ஒதுக்குவது தவறு. வீடியோ கேம்களை உருவாக்குகிறவர்கள் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருவதே இந்த இரண்டாம் வகை ஆட்டத்தைக் காப்பாற்றத்தான்.

கனடாவில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற நூலில், விளையாட்டு என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார். தேவையே இல்லாத தடைகளைத் தானாக விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்றார் அவர். கோல்ஃப் ஆடுகிறவரின் வேலை பந்தைக் குழிக்குள் சேர்ப்பது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய்க் குழியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. யாரும் அப்படிச் செய்வதில்லை. தொலைவில் நின்று கோலால் அடித்துத்தான் சேர்க்க வேண்டும் என்ற சிரமத்தை மனமுவந்து ஏற்கிறார்கள். அந்தச் சிரமத்தை எடுத்துவிட்டால் கோல்ஃப் என்று எதுவும் மிஞ்சாது. சுலபமான வழியைத் தள்ளிவைப்பதில்தான் எல்லா விளையாட்டும் தொடங்குகிறது.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்கும் சி. தி நுயென் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனார். ஆட்டத்தின் இலக்கு வேறு, ஆட உட்காரும் நோக்கம் வேறு என்று 2020இல் வெளிவந்த தன் நூலில் அவர் பிரித்துக் காட்டினார். நண்பர்களோடு சீட்டாடுகிறவருக்கு இலக்கு ஜெயிப்பது. அதற்காக மூளையைக் கசக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் வந்து உட்கார்ந்த நோக்கம் அந்த மாலையை நண்பர்களோடு கழிப்பது. தோற்றுப்போனாலும் மாலை வீணாகவில்லை. இலக்கை நிர்ணயிப்பது கேம், நோக்கம் ஆடுகிறவருடையது. சிறந்த உத்தி என்று சொல்லப்படுவதெல்லாம் இலக்கை எட்டும் வழியைத்தான் காட்டும். நோக்கத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கம்ப்யூட்டரில் ஓடும் எந்த விளையாட்டுக்கும் அடியில் இருப்பவை எண்கள். வாள் எவ்வளவு வெட்டும், குதிரை எவ்வளவு வேகம் ஓடும், தக்காளி எத்தனை நாளில் காய்க்கும், எல்லாம் எண். எண் இருந்தால் ஒப்பிடலாம். ஒப்பிட்டால் ஒன்று மேலே, மற்றவை கீழே. பெரிய கேம் ஒன்று வெளியானதுமே அதன் கோப்புகளைப் பிரித்து எண்களை வெளியே எடுத்து விக்கியில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தந்தக் காலத்தில் ஆகப் பலமானது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆட்டமுறையை ஆடுகிறவர்கள் ‘மெட்டா’ என்கிறார்கள். மெட்டா உருவாகிவிட்டால் இருபது ஆயுதங்கள் உள்ள கேமில் இரண்டைத்தான் பார்க்க முடியும். மற்ற பதினெட்டையும் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள், ஒலி சேர்த்திருக்கிறார்கள்; அவை கிடப்பில் கிடக்கும்.

இந்தப் போக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ காட்டியது. லட்சக்கணக்கானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் இந்த இணைய விளையாட்டு 2004 நவம்பரில் வெளியானது. அதன் முதல் பெரும் போர்க்களங்களில் ஒன்றான எரிமலைக் குகையில் ராக்னரோஸ் என்ற நெருப்பு அரக்கனை வீழ்த்த 40 பேர் கூட வேண்டும். உலகிலேயே முதல் குழு அவனை வீழ்த்துவதற்குச் சுமார் ஐந்து மாதம் ஆயிற்று. பழைய அனுபவம் திரும்ப வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், பிளிஸார்ட் நிறுவனம் 2019 ஆகஸ்டில் அந்தப் பழைய உலகை ‘கிளாசிக்’ என்ற பெயரில் மீண்டும் திறந்தது. ஒரு வாரத்துக்குள் ராக்னரோஸ் விழுந்தான். மறுவெளியீட்டில் பாத்திரங்களுக்கு முன்பைவிடச் சற்றுக் கூடுதல் பலம் இருந்தது உண்மை. ஆனால் பெரிய காரணம் அதுவன்று. பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த கணக்கு எல்லோர் கையிலும் இருந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அந்த உலகின் சில நகரங்களிலும் காடுகளிலும் பாத்திரத்துக்குத் தற்காலிக பலம் தரும் வரங்கள் கிடைக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். பாத்திரம் கேமுக்குள் இருக்கும்போது மட்டும் அந்த நேரம் கழியும், வெளியேறிவிட்டால் கழியாது. எனவே பலர் வாரம் முழுதும் வரங்களைச் சேகரித்து, உடனே வெளியேறி, போர் நடக்கும் நாள்வரை அந்தப் பாத்திரத்தைத் தொடாமலே வைத்திருந்தார்கள். ஆசை ஆசையாக வளர்த்த பாத்திரத்தை ஆடாமல் பூட்டிவைப்பதுதான் சிறந்த உத்தி என்று ஆகிப்போனது. கடைசியில் 2021இல் பிளிஸார்டே தலையிட்டு, வரங்களை அடைத்துவைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ள ஒரு கருவியைக் கேமுக்குள் சேர்த்தது. கேமின் விதி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. லாபம் இருக்கும் பக்கம் கால் தானாகப் போயிற்று, அவ்வளவுதான்.

வாய்ப்புக் கொடுத்தால் ஆடுகிறவர்கள் கேமிலிருந்து மகிழ்ச்சியையே கணக்குப் போட்டுக் கழித்துவிடுவார்கள் என்ற கருத்தை கேம் உலகில் பரப்பியவர் சோரன் ஜான்சன். 2005இல் வந்த ‘சிவிலைசேஷன் 4’ விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் அவர். சிட் மையர் 1991இல் தொடங்கிவைத்த சிவிலைசேஷன் வரிசையில், ஆடுகிறவர் ஒரு நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து விண்வெளிக் காலம்வரை வளர்த்துக்கொண்டு போவார். அதன் முந்தைய பதிப்புகளில் ஒரு சிறு விதி இருந்தது. ஒரு நகரம் ஒரு கட்டடத்தைக் கட்டி முடிக்கும்போது உழைப்பு தேவைக்குமேல் மிஞ்சினால் அந்த மிச்சம் வீணாகிவிடும். பத்து அலகு போதும் என்ற இடத்தில் பதினாறு வந்தால் ஆறு போச்சு. இதை அறிந்தவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு நகரமாகத் திறந்து, வயலில் நிற்கும் தொழிலாளர்களை இங்கும் அங்கும் மாற்றி மிச்சம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். இருபது நகரங்கள், நூற்றுக்கணக்கான சுற்றுகள். பேரரசை ஆள வந்தவர் குமாஸ்தா வேலை பார்த்தார். ஆனாலும் விடமுடியவில்லை, ஏனென்றால் அதில் லாபம் இருந்தது. சிவிலைசேஷன் 4இல் மிச்ச உழைப்பு அடுத்த கட்டடத்துக்குப் போகும்படி விதி மாறியது. அந்தக் குமாஸ்தா வேலைக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

வடிவமைப்பாளர்கள் இதைப் பல விதமாகச் சமாளிக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசிகளோடு போரிடும் ‘எக்ஸ்காம்’ விளையாட்டில் 2012 பதிப்பில் ஒவ்வொரு அடியாக ஊர்ந்து, மறைந்து, காத்திருந்து முன்னேறுவதே பாதுகாப்பான வழி. பாதுகாப்பான அந்த வழி அலுப்பான வழியும்கூட. 2016இல் வந்த இரண்டாம் பதிப்பில் பல போர்களுக்கு இத்தனை சுற்றுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். சிலருக்கு அது விறுவிறுப்பைத் தந்தது. நிதானமாக ஆட விரும்பியவர்களுக்கு எரிச்சலைத் தந்தது; அவர்கள் கெடுவை நீக்கும் மாற்றுநிரல்களை எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு வந்த விரிவாக்கத்தில் கெடுவைத் தளர்த்தும் வசதியை நிறுவனமே தந்தது. ஒருவருக்கு மகிழ்ச்சியைக் காப்பாற்றப் போட்ட விதி இன்னொருவரின் மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’ வேறு வழியில் போனது. இடைக்கால அரச குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்திச்செல்லும் கேம் அது. அரசருக்கு இரக்கம், பேராசை, கூச்சம் என்று குணங்கள் உண்டு. இரக்க குணமுள்ள அரசர் கைதியின் தலையை வெட்டச் சொன்னால் ராஜ்யத்துக்கு லாபம் கிடைக்கலாம், ஆனால் அவர் மனஉளைச்சல் கூடும். உளைச்சல் முற்றினால் குடியில் விழுவார், நோயில் விழுவார். குணத்துக்கு ஏற்ப நடப்பதையே லாபமாக மாற்றிவிட்டார்கள். கணக்குப் போடுகிறவரும் கதைக்காக ஆடுகிறவரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கிறார்கள். இந்தத் துறையில் கண்ட தீர்வுகளில் இதைவிட நயமானது அதிகம் இல்லை.

போட்டியே இல்லாத கேமிலும் இந்தச் சிக்கல் வரும். அதை ‘ஸ்டார்டியூ வேலி’யில் மிக நெருக்கமாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன் படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தனி ஆளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கி 2016இல் வெளியிட்ட விவசாய விளையாட்டு இது. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெரிய நிறுவனம் ஒன்றில் மேஜைக்கும் திரைக்கும் நடுவே வாடும் ஊழியர், தாத்தா விட்டுச்சென்ற நிலத்துக்கு வந்து சேர்வதில் கதை தொடங்குகிறது. ஆண்டுக்கு நான்கு பருவம், பருவத்துக்கு 28 நாள். ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். காலை ஆறு மணிக்கு எழுந்தால் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குள் படுத்துவிட வேண்டும்.

முதல் நாள் கையில் 500 பொற்காசு. ஊர்த்தலைவர் அன்பளிப்பாகத் தந்த 15 பார்ஸ்னிப் விதைகள் வீட்டுக்குள் ஒரு பொட்டலத்தில் இருக்கும். முள்ளங்கிபோல் மண்ணுக்கடியில் விளையும் அது நான்கு நாளில் அறுவடைக்கு வரும். ஒருவர் விதைத்து, தண்ணீர் ஊற்றி, பிறகு ஊரைச் சுற்றிப்பார்க்கப் போகலாம். கணக்கு தெரிந்தவர் அப்படிப் போகமாட்டார். இரண்டாம் நாள் தூண்டில் கைக்கு வந்ததும் மீன் பிடிக்க உட்கார்ந்துவிடுவார். 13ஆம் தேதி முட்டைத் திருவிழாவில் மட்டும் விற்கும் ஸ்ட்ராபெரி விதையை வாங்க அதற்குள் எவ்வளவு சேர்க்கலாம் என்பதே அவர் நினைப்பு. பிறகு நட்சத்திரப் பழம். பழமாக விற்றால் 750 காசு. பீப்பாயில் ஊறவைத்து ஒயினாக்கினால் மூன்று மடங்கு, 2,250. அதற்குரிய தொழில்திறனையும் தேர்ந்தெடுத்திருந்தால் 3,150. கண்ணாடிக் கூடாரத்துக்குள் 120 கட்டங்களில் எந்தப் பருவத்திலும் பயிர் செய்யலாம். இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தப் பண்ணையும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: ஒரே பழம், கொட்டகை கொட்டகையாகப் பீப்பாய்கள். வாத்து வளர்க்க இடம் இருக்காது, ஏனென்றால் வாத்து முட்டைக்கு அந்த விலை கிடையாது. அலுவலக வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த பாத்திரம் ஒரு தொழிற்சாலையை நடத்திக்கொண்டிருக்கும்.

அதே கேமில் கோடைக்காலத்தின் கடைசி இரவில் ஊரே கடற்கரைக்கு வருகிறது. மேயர் ஒரு விளக்குப் படகைக் கடலில் விடுகிறார். இருளில் ஒளிரும் ஜெல்லிமீன்கள் கூட்டமாக வந்து, சற்று நேரம் மிதந்துவிட்டுப் போகின்றன. அதில் போட்டி இல்லை, பரிசு இல்லை. வந்து நின்று பார்ப்பது மட்டும்தான். வருமானக் கணக்கில் அந்த இரவுக்கு மதிப்பு பூஜ்யம். ஆனால் பரோன் அதை வரைந்திருக்கிறார், அதற்கென்று இசை அமைத்திருக்கிறார். அவர் எதற்காக இந்தக் கேமைச் செய்தார் என்று கேட்டால் பீப்பாய் விலைப்பட்டியலைவிட அந்த இரவுதான் சரியான பதில்.

அவசரப்படத் தேவையில்லை என்பதை ஸ்டார்டியூ வேலி விதியாகவே வைத்திருக்கிறது. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து பண்ணையை மதிப்பிடும். இதுதான் அந்தக் கேமில் கெடு என்று சொல்லத்தக்கது. சரியாக வரவில்லையென்றால் தாத்தாவின் நினைவுமேடையில் ஒரு வைரத்தை வைத்தால் போதும், எத்தனை ஆண்டு கழித்தும் மறுமதிப்பீடு கிடைக்கும். நாள் கடந்ததால் எந்தக் கதவும் நிரந்தரமாகச் சாத்தப்படுவதில்லை. ஆனாலும் முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டு, அலுத்துப்போய்ப் பாதியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கெடுவைப் போட்டது கேம் அன்று.

போக்கிமானில் கணக்கின் ஆழம் இன்னும் அதிகம். 1996இல் ஜப்பானில் வெளியான இந்த வரிசையின் மூலவர் சதோஷி தாஜிரி. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த மகிழ்ச்சியைத்தான் கேமாக்க விரும்பினார். மேலோட்டமாகப் பார்த்தால் காட்டில் உயிரினங்களைப் பிடிப்பது, பழக்குவது, மற்றவர்களின் உயிரினங்களோடு மோதவிடுவது. உள்ளே போனால், இன்றைய பதிப்புகளில் ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஆறு திறன்கள், ஒவ்வொரு திறனுக்கும் பிறவியிலேயே 0 முதல் 31 வரை ஒரு மறைவான எண், பெரும்பாலும் ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைக்கும் 25 சுபாவங்கள், பயிற்சியால் சேரும் புள்ளிகளுக்கு 510 என்ற மொத்த வரம்பு. போட்டிகளில் ஆடுகிறவர்கள் எல்லா எண்ணும் பொருந்திவரும் ஒரு குஞ்சுக்காகப் பல ஆண்டுகள் முட்டை முட்டையாகப் பொரித்துத் தள்ளினார்கள். பொருந்தாதவற்றை விட்டுவிட்டார்கள். போட்டிக்கு அது தேவைப்பட்டது. கதையை ஆடி முடிக்க அது தேவையே இல்லை. பிடித்த எந்த ஆறு உயிரினத்தைக் கொண்டும் கதையை முடித்துவிடலாம். 1999இல் வந்த கோல்ட், சில்வர் பதிப்புகளில் கேரன் என்ற வல்லுநர் பாத்திரம், தோற்ற பிறகு இதையே சொல்கிறாள்: பலமானது பலவீனமானது என்பதெல்லாம் மனிதர் வகுத்தது, தேர்ந்தவர் தனக்குப் பிடித்தவற்றோடு வெல்ல முயல வேண்டும். கேமே தன் ரசிகரிடம் இப்படிப் பேசுவது அபூர்வம். இன்றும் ரசிகர்கள் அதை எடுத்துச் சொல்கிறார்கள்.

தமக்குத் தாமே விதி போட்டுக்கொள்ளும் வழக்கமும் போக்கிமானில் வேர்விட்டது. 2010இல் ஓர் அமெரிக்க இளைஞர் போக்கிமான் ரூபியை ஆடும்போது இரண்டு விதிகளை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் உயிரினத்தை மட்டும் பிடிக்கலாம். சண்டையில் மயங்கி விழுந்தது செத்ததாகக் கணக்கு, அதை விட்டுவிட வேண்டும். அந்த ஆட்டத்தைப் படக்கதையாக வரைந்து இணையத்தில் போட்டார். ‘நஸ்லாக்’ என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. பிடித்த உயிரினத்துக்கெல்லாம் பெயர் வைப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. பட்டியலில் கடைசியில் கிடக்கும் ஓர் எலியோ வண்டோ முதலில் எதிர்ப்பட்டால் அதுதான் துணை. வேறு வழியில்லாமல் வளர்த்த அந்த எலி பத்து மணி நேரம் கழித்து ஒரு தவறான அடியில் விழும்போது ஆடுகிறவருக்கு உண்மையாகவே துக்கமாக இருக்கும். கேமின் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. சூட்ஸ் சொன்ன தேவையில்லாத தடையை, கேமை உருவாக்கியவருக்குப் பதிலாக ஆடுகிறவரே போட்டுக்கொண்டார்.

இலக்கே இல்லாத கேம்களைப் பற்றிப் பேசினால் வில் ரைட்டைச் சொல்ல வேண்டும். 1984இல் அவர் செய்த ‘ரெய்ட் ஆன் பங்கலிங் பே’ ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளின்மேல் குண்டு போடும் விளையாட்டு. தீவுகளை வரைவதற்காக அவரே ஒரு கருவி எழுதிக்கொண்டார். குண்டு போடுவதைவிட, சாலை போட்டுக் கட்டடம் வைத்துத் தீவை அமைப்பதே தனக்கு அதிகம் பிடித்திருப்பதைக் கண்டார். அந்த ருசியிலிருந்து பிறந்ததுதான் 1989இல் வந்த ‘சிம்சிட்டி’. ஜெயிப்பதும் தோற்பதும் இல்லாத கேமை யார் வாங்குவார்கள் என்று வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். வந்த பிறகு அது பெரும் வெற்றி பெற்றது. ரைட் அதை விளையாட்டு என்பதைவிடப் பொம்மை என்றே சொல்லிவந்தார்.

பொம்மையிலும் உச்சத்தைத் தேடியவர் உண்டு. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் வின்சென்ட் ஒகாஸ்லா, ‘சிம்சிட்டி 3000’இல் முடிந்தவரை அதிக மக்களை அடைத்து ஒரு நகரத்தை உருவாக்குவதற்குச் சில ஆண்டுகள் கணக்குப் போட்டு, 2010இல் வெளியிட்டார். மக்னசாந்தி என்று பெயர். 60 லட்சம் பேர். சாலையே கிடையாது, எல்லாம் சுரங்க ரயில். ஒரே அச்சில் வார்த்த கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும். மருத்துவமனை போன்ற வசதிகளுக்கு இடம் ஒதுக்கினால் மக்கள்தொகை குறையும் என்பதால் அவை இல்லை. மக்கள் ஐம்பதைத் தாண்டாமலே இறந்துபோவார்கள். எண்ணைப் பார்த்தால் சாதனை, அதில் வாழ்வதாக நினைத்துப் பார்த்தால் நடுக்கம். அந்த நடுக்கத்தைக் காட்டுவதே தன் எண்ணம் என்று ஒகாஸ்லா பேட்டியில் சொன்னார். ஆக அவரும் கேமைத் தன் சொந்த நோக்கத்துக்காகத்தான் ஆடியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் இரண்டாயிரங்களில் பிரவுசிங் சென்டர்களுக்குப் போன தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். 2002இல் வந்த ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ அங்கே ஓடாத கம்ப்யூட்டர் குறைவு. கதைப்படி அதில் மிஷன்களை ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த பையனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? நாளை வந்தால் அதே கம்ப்யூட்டர் கிடைக்குமா என்பதும் தெரியாது. பைக்கை எடுத்துக் கடற்கரைச் சாலையில் விரட்டுவது, ‘பான்ஸர்’ என்று தட்டி டாங்கியை வரவழைப்பது, போலீஸ் துரத்தினால் அதற்கும் ஒரு சீட் கோட் போடுவது என்று பொழுது போகும். எந்த மிஷனும் முடியவில்லை, ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை.

விதிகளை மீறாமலே வழியை விட்டு விலகி நடந்தவர்களும் இருக்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2012இல் பாண்டா இனம் அறிமுகமானது. ராட்சத ஆமை ஒன்றின் முதுகில் அமைந்த தீவில் தொடங்கி, இரண்டு படைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே வெளியுலகுக்குப் போக முடியும். டபுள்ஏஜென்ட் என்ற பெயரில் ஆடிய ஒருவர் எந்தப் படையிலும் சேரவில்லை. தீவிலேயே தங்கி, மூலிகை பறித்து, தாது வெட்டினார். அந்த வேலைக்கும் கேம் கொஞ்சம் அனுபவப் புள்ளி தரும். அப்படியே பறித்துப் பறித்து அன்றைய உச்ச நிலையான 90ஐத் தொட்டார். அடுத்தடுத்த விரிவாக்கங்களில் உச்சம் உயர, அவரும் அதே தீவில் அதே மூலிகைகளைப் பறித்து உயர்ந்தார். மைன்கிராஃப்டின் பழைய பதிப்பில் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 1 கோடியே 25 லட்சம் கட்டங்களுக்கு அப்பால் கணக்குப் பிசகி நிலமே சிதைந்துபோகும் ஓர் எல்லை உண்டு. கர்ட் ஜே. மேக் என்பவர் 2011 முதல் அந்த எல்லையை நோக்கி மேற்கே நடந்துகொண்டே போகிறார். நினைத்த இடத்துக்கு நொடியில் தாவும் வழி இருக்கிறது. அவர் நடக்கிறார், கூடவே ஒரு வளர்ப்பு ஓநாய். அதை இணையத்தில் பார்க்கிறவர்களிடம் நன்கொடை திரட்டிக் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் அமைப்புக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுத்திருக்கிறார்.

பரிசும் புள்ளியும் ஆசையை என்ன செய்கின்றன என்பதை உளவியலாளர்கள் வெகுகாலம் முன்பே ஆராய்ந்தார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். இன்னொன்றுக்குச் சான்றிதழே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, எந்தப் பரிசும் இல்லாமல் பேனாக்களை மேஜையில் வைத்துப் பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். ஆசைக்குச் செய்ததைக் கூலிக்குச் செய்யத் தொடங்கினால் கூலி நின்றதும் கை நின்றுவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360ஐக் கொண்டுவந்தபோது எல்லா கேம்களுக்கும் பொதுவான சாதனைப் புள்ளிகளைப் புகுத்தியது; மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. நூறு சதவீதம் முடித்தால்தான் கேம் முடிந்தது என்ற எண்ணம் வலுத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

உளவியலாளர்கள் டெசி, ரையன் ஆகியோரின் உந்துதல் கோட்பாடு மனிதருக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது: தானே தீர்மானிப்பது, திறமை வளர்வதை உணர்வது, மற்றவர்களோடு இணைந்திருப்பது. ரையனும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கேம்கள் தரும் மகிழ்ச்சியையும் இந்த மூன்றுமே விளக்கின. இதை வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. தானே கணக்குப் போட்டுச் சிறந்த வழியைக் கண்டுபிடிக்கிறவருக்கு முதல் இரண்டும் கிடைக்கின்றன. இன்னொருவர் கண்டுபிடித்ததைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பின்பற்றுகிறவருக்கு இரண்டுமே கைநழுவுகின்றன. அவர் எடுக்க வேண்டிய முடிவை வேறொருவர் எடுத்துவிட்டார்.

கணக்குப் போடுவதே சிலருக்குப் பெரும் மகிழ்ச்சி என்பதையும் சொல்லியாக வேண்டும். செக் நாட்டிலிருந்து வந்த ‘ஃபேக்டோரியோ’வில் இயந்திரங்களையும் பட்டைகளையும் இணைத்துத் தொழிற்சாலை கட்டுவதுதான் ஆட்டம், உற்பத்தியை இன்னும் இரண்டு துளி கூட்டுவதற்காக விடியவிடிய உட்காருகிறார்கள். ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமை ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, அதில் இன்னும் ஒரு நொடியின் பின்னத்தைக் குறைக்க ஆண்டுக்கணக்கில் பழகுகிறவர்களுக்கும் அதில் கூலி எதுவும் இல்லை. அவர்கள் சிறந்த வழியைத் தேடுவது அந்தத் தேடல் பிடித்திருப்பதால்தான். ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டு விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் ஆடுகிறவர்களை மூன்று பெயர்களில் பிரித்தார். பிரமாண்டமான சீட்டைப் போட்டு அசத்த ஆசைப்படுகிறவர் டிம்மி, யாரும் நினைக்காத சேர்க்கையைக் கண்டுபிடிக்கிறவர் ஜானி, ஜெயித்தே தீரவேண்டும் என்கிறவர் ஸ்பைக். மூவருக்கும் சீட்டு செய்துதர வேண்டும் என்பதே அந்த வகைப்பாட்டின் நோக்கம். யாரையும் அவர் மட்டமாக வைக்கவில்லை.

தனியாக ஆடும் கேமில் அடுத்தவர் குறுக்கிட ஒன்றும் இல்லை. கடினமான தாவல்களுக்குப் பெயர்பெற்ற ‘செலஸ்ட்’ 2018இல் வந்தபோது உதவி வசதி ஒன்றையும் சேர்த்தே தந்தது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே இல்லாமல் பாறையைப் பிடித்துத் தொங்கலாம், அடியே படாதபடி வைத்துக்கொள்ளலாம். மலையேறும் பெண்ணின் மனப்போராட்டக் கதையை, விரல் வேகம் இல்லாதவரும் கை நடுக்கம் உள்ளவரும் கடைசிவரை காண முடிந்தது. அதனால் கஷ்டப்பட்டு ஏறியவரின் மலை ஓர் அங்குலமும் குறையவில்லை.

பலர் சேர்ந்து ஆடும்போது நிலைமை மாறுகிறது. நாற்பது பேர் ஒரு மாலையை ஒதுக்கி ராக்னரோஸை எதிர்க்கப் போகும்போது, ஒருவர் தனக்குப் பிடித்த உதவாத ஆயுதத்தோடு வந்து நின்றால் 39 பேரின் மாலை கெடும். இங்கே பிடித்தபடி ஆடும் உரிமைக்கு மற்றவர்களின் சம்மதம் தேவை. பல இணைய விளையாட்டுகள் தரவரிசை ஆட்டத்தையும் சும்மா ஆடும் ஆட்டத்தையும் இரண்டு வாசல்களாகப் பிரித்துவைப்பது இதற்காகத்தான். சும்மா ஆடும் வாசலில் நுழைந்து தோற்றவரைத் திட்டுகிறவரும், தரவரிசை வாசலில் நுழைந்து விளையாட்டுக்காட்டுகிறவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்.

மேஜிக் ஆடுகிறவர்கள் இதற்குப் பேச்சிலேயே வழி கண்டார்கள். அலாஸ்காவில் நண்பர்கள் வட்டத்தில் தொடங்கி, 2011இல் நிறுவனமே ஏற்றுக்கொண்ட ‘கமாண்டர்’ முறையில், ஒவ்வொருவர் கட்டிலும் 100 சீட்டு. அடிப்படை நிலச்சீட்டுகளைத் தவிர எந்தச் சீட்டும் இருமுறை வரக்கூடாது. வழக்கமாக நான்கு பேர் உட்காருவார்கள். சீட்டைக் கலைப்பதற்கு முன், யார் கட்டு எவ்வளவு பலம், எந்தச் சேர்க்கை வேண்டாம், இன்றைக்கு எவ்வளவு முனைப்பாக ஆடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். பொருந்தவில்லையென்றால் ஒருவர் பையைத் திறந்து வேறு கட்டை எடுத்துக்கொள்கிறார்.